மூன்றாம் கியரில் மாட்டிய கார்

கல்யாணப் பத்திரிகையில் அவனுக்கு வேறொரு பெயர் அச்சடித்திருந்தார்கள். அதோடு சரி. வயர் வேலை பார்ப்பதால் பட்டறையில் அவன் கரண்டு. மாமனார் மட்டும் மரியாதையாகக் ‘கரண்டு மாப்பிள்ளை’ என்பார். கீழே மாமனாரின் கார் பட்டறை, மேலே வீடு. படி இறங்கினால் நேரே பட்டறைக்குள்தான் கால் வைக்க வேண்டும், வேறு வாசல் கிடையாது. வீட்டோடு மாப்பிள்ளை என்றால் சோறும் கிடைக்கும், பேச்சும் கிடைக்கும். கரண்டுக்கு இரண்டாவதுதான் தாராளமாகக் கிடைத்தது.

அன்று அவன் தப்பிக்க வேண்டிய நாள். வெளியூரில் ஒரு பஸ் கம்பெனியில் எலக்ட்ரீஷியன் வேலை. மறுநாள் காலையில் நேரில் வரச் சொல்லியிருந்தார்கள். மத்தியான பஸ்ஸை விட்டால் வேலை இன்னொருத்தனுக்குப் போய்விடும். போன தடவை இப்படிக் கிளம்பியபோது மாமனாருக்கு நெஞ்சுவலி வந்தது. பஸ் போனதும் வலியும் போய்விட்டது, மகராசன்!

இந்தத் தடவை வினை கார் வடிவில் வந்தது. ஆயில் மாற்ற விட்டிருந்த டாக்டரம்மாவின் ஆட்டோமேட்டிக் கார், நேற்று நன்றாகத்தான் ஓடியது. இன்று காலையில் மூன்றாம் கியரில் மாட்டிக்கொண்டு, ஏறவும் மாட்டேன் இறங்கவும் மாட்டேன் என்று அடம்பிடித்தது.

“கியர்பாக்ஸை இறக்கிருவோம் மாப்பிள்ளை” என்றார் மாமனார்.

“இறக்கினா ரெண்டு நாள் ஆகும் மாமா. எனக்கு மத்தியானம் பஸ்.”

“பஸ் நாளைக்கும் வரும். டாக்டரம்மா கேட்டா நான் என்ன பதில் சொல்றது? நீங்க தொட்ட வண்டி, நீங்கதான் முடிச்சுட்டுப் போகணும்.”

கரண்டுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கோளாறைப் படித்துச் சொல்லும் ஸ்கேனரைக் காரில் செருகினான். சோலனாய்டுக்கு மின்சாரம் போகவில்லை என்றது அது. கியர் மாறுவதற்கு ஆயிலைத் திறந்துவிடும் சின்ன மின்சார வால்வுதான் சோலனாய்டு. அது செத்திருந்தால் கியர்பாக்ஸைப் பிரித்தே ஆக வேண்டும், பஸ்ஸை மறந்துவிடலாம்.

காருக்கு அடியில் படுத்து, கியர்பாக்ஸில் செருகியிருந்த பிளக்கைக் கழற்றி மீட்டர் வைத்தான். சோலனாய்டு உயிரோடுதான் இருந்தது. அங்கிருந்து காரின் கம்ப்யூட்டர் வரை போகும் வயரும் நன்றாக இருந்தது. இரண்டையும் சேர்த்தால் மட்டும் இணைப்பு இல்லை. மாமனாரும் நல்லவர், மருமகனும் நல்லவன், ஒரே வீட்டில் வைத்தால் மட்டும் ஆகாது, அந்தக் கதைதான்.

அப்படியென்றால் கோளாறு பிளக்கில். டார்ச் அடித்துப் பார்த்தான். உள்ளே வரிசையாக இருந்த உலோகப் பின்களில் ஒன்று மட்டும் உள்வாங்கி நின்றது. பிளக் டக்கென்று மாட்டிக்கொள்ளும், ஆனால் அந்தப் பின் எதிரே உள்ளதைத் தொடாது.

தானாக இது நடக்காது. பின்னைப் பிடித்திருக்கும் பூட்டை யாராவது மெல்லிய கம்பியால் நெம்ப வேண்டும். பிளக் முழுக்க எண்ணெய்ப் பிசுக்கு. பூட்டில் மட்டும் புதுக் கீறல். மாமனாரா? அவருக்கு வயரைக் கண்டாலே ஆகாது, இப்படியொரு பூட்டு இருப்பதே தெரியாது. தெரிந்த ஆள் அந்த வீட்டில் இன்னொருத்திதான். கல்யாணமான புதிதில் காருக்கு அடியில் கூடவே படுத்து டார்ச் பிடித்தவள், நச்சரித்து நச்சரித்துக் கற்றுக்கொண்டவள். ‘பொம்பளைக்குப் பட்டறையில என்ன வேலை?’ என்று அப்பா மேலே விரட்டிய பிறகு அவள் கருவி எதையும் தொட்டதில்லை.

பின்னை முன்னால் தள்ளிப் பூட்டினான். கார் எல்லாக் கியரிலும் ஓடியது. பஸ்ஸுக்கு நேரமும் இருந்தது. சந்தோஷம்தான் வரவில்லை. கை கழுவாமல் மேலே போனான்.

அவனுடைய பையை மடியில் வைத்துக்கொண்டு மனைவி உட்கார்ந்திருந்தாள்.

“கண்டுபிடிச்சுட்டீங்களா?”

“ஏன்டி இப்படிப் பண்ணுன?”

“வேற என்ன பண்ணச் சொல்றீங்க? ஆறு மாசம் கழிச்சுக் கூப்பிடுறேன்னு சொன்னீங்க. அதுவரைக்கும் நான் சுவத்தோட பேசிட்டு இருக்கணுமா? உங்களை அடைச்சு வச்சிருக்கோம்னு புலம்புறீங்களே, நான் பொறந்ததுலருந்து இங்கதானே கிடக்கிறேன்!”

அவனுக்குத் தன்மேலேயே வெறுப்பு வந்தது. தான் தப்பிப்பதைப் பற்றி இத்தனை நாள் யோசித்தவன், அவளும் தப்பிக்க வேண்டியவள்தான் என்று ஒரு தடவைகூட யோசிக்கவில்லை.

“துணி மாத்திக்கிட்டு வா. ரெண்டு பேருமே போவோம்.”

“விளையாடாதீங்க.”

“கிளம்புடி, பஸ் போயிரும்!”

அவள் அழுதுகொண்டே சிரித்தாள். கைக்குக் கிடைத்த துணியையெல்லாம் அதே பையில் திணித்தாள். இருவரும் படி இறங்கினார்கள்.

மாமனார் காரைத் துடைத்துக்கொண்டிருந்தார். “கலக்கிட்டீங்க மாப்பிள்ளை! ஆமா, ஜோடியா எங்க கிளம்பிட்டீங்க?” என்றவர் மகளின் கையிலிருந்த பையைப் பார்த்தார். அது பிதுங்கிக்கொண்டிருந்தது. துடைத்த கை அப்படியே நின்றது. திட்டுவார் என்று கரண்டு காத்திருந்தான். திட்டினால் பேசாமல் போய்விடலாம். அவர் திட்டவில்லை.

“நாளைக்கு ராத்திரி சாப்பாட்டுக்கு வந்துருவீங்கல்ல?” என்று மகளிடம் கேட்டார்.

கரண்டு வாயைத் திறப்பதற்குள், “வந்துருவோம்ப்பா” என்றாள் அவள்.

அவள் அப்பாவிடம் பொய் சொல்லி அவன் பார்த்ததே இல்லை. இதுதான் முதல் பொய்யா, இல்லை நிஜமாகவே திரும்பி வரப்போகிறார்களா என்று அவனுக்குத் தெரியவில்லை.