வடக்குச் சுவரோரம்

எழுபதுகளின் நடுவில், சிட்னிக்கு வந்த முதல் கோடை. மகளுக்கு ஏழு வயது. பள்ளிக்கூடத்தில் பத்து மாதமாக வாயே திறக்காத பிள்ளை. டீச்சர் ஏதும் கேட்டால் தலையை ஆட்டுவாள், அவ்வளவுதான். அந்த வகுப்பில் ஒரு கினிபிக் வளர்த்தார்கள். வாலில்லாமல், எலிக்கும் முயலுக்கும் இடையில் எங்கோ நின்றுவிட்ட பிராணி. விடுமுறைக்கு யார் கொண்டுபோவது என்றதும் எல்லாப் பிள்ளைகளும் கையை உயர்த்த, உயர்த்தாத என் பிள்ளையின் மடியில் டீச்சர் அதை அதன் வைக்கோல் பெட்டியோடு வைத்துவிட்டார்.

அதோடு அவள் பேசினாள். தமிழில் பேசினாள், இங்கிலிசில் பேசினாள், இரண்டும் இல்லாத ஏதோ ஒன்றில் பேசினாள். நான் குசினிக்குள் தண்ணீர்க் குழாயை மூடிவிட்டு, மூச்சையும் அடக்கிக் கேட்டுக்கொண்டு நிற்பேன்.

அது ஓடி விளையாட ஓரிடம் வேண்டும் என்றாள். கப்பலில் எங்கள் சாமான் வந்த மரப்பெட்டியை உடைத்து நாலு பலகை எடுத்தோம். ஒன்றில் எங்கள் ஊர் விலாசம் கறுப்பு மையில் கிடந்தது. அதை உள்பக்கம் திருப்பி வைத்தாள், கினிபிக் வாசிக்கட்டுமாம். மேலே கோழிக்கூட்டுக் கம்பிவலை, பூனை பாயாமல், பறவை கொத்தாமல். தோண்டிக்கொண்டு போகாமல் பலகையோரம் செங்கல். சப்பாத்துப் பெட்டியில் வாசல் வெட்டி ஒரு வீடு. சாவு எந்த வழியால் வரும் என்று யோசித்து யோசித்து ஒவ்வொரு ஓட்டையாக அடைத்தேன்.

எங்கே வைப்பது? வடக்குச் சுவரோரம் என்றேன். எங்கள் ஊரில் மார்கழி, தையில் சூரியன் தெற்கே சாய்ந்து போகும். வடக்குச் சுவரடி நாள் முழுக்கக் குளிர்ந்திருக்கும். தண்ணீர்ப் பானை வைக்கிற இடம் அது.

"வெயில் வராதோ அம்மா?"

"இது வடக்குப் பக்கம் பிள்ளை, வராது. நான் பூமிசாத்திரம் படிப்பிச்ச ஆள்."

"எங்கட டீச்சரை விடக் கெட்டிக்காரியோ?"

"பின்னை?"

நாலைந்து நாள், காலையில் ஒரு மணி நேரம் விளையாடவிட்டு உள்ளே எடுத்தோம். அந்த நேரம் அங்கே நிழல்தான். நான் சொன்னது சரியாகவே இருந்தது.

பள்ளிக்கூடச் சப்பாத்து வாங்கப் போன அன்று, பாவம், வைக்கோல் பெட்டிக்குள் ஏன் அடைப்பது என்று அதை அங்கேயே விட்டுவிட்டு ரயில் ஏறினோம். திரும்பி வர மூன்று மணி. சுவர் முழுக்க வெயில். தொட்டால் கை சுட்டது. சப்பாத்துப் பெட்டி வீட்டுக்குள் அது நீட்டி நிமிர்ந்து கிடந்தது. தண்ணீர்க் கிண்ணம் காய்ந்திருந்தது.

தென் அரைக்கோளத்தில் மத்தியானச் சூரியன் வடக்கே நிற்கும். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு எத்தனை வருடம் வெண்கட்டியால் கீறிக் காட்டினேன். வட்டம், சாய்ந்த கோடு, அம்புக்குறி. பரீட்சையில் பிழையாக எழுதியவர்களுக்கு முட்டை போட்டேன். அத்தனையும் கரும்பலகையோடு நின்றுவிட்டது.

"நீங்கள் வராது எண்டனீங்கள்," என்றாள் மகள். ஒரேயொரு தரம்தான். அதற்குப் பிறகு என்னோடும் பேச்சுக் குறைந்தது. என் கணவர் வேலையால் வந்து எலுமிச்சைக்குக் கீழே குழி வெட்டினார். அன்றிரவு ஒருவரும் சாப்பிடவில்லை.

பள்ளிக்கூடம் திறந்த அன்று வெறும் பெட்டியோடு அந்த டீச்சரிடம் போனோம். வழியெல்லாம் வசனம் சேர்த்துக்கொண்டு போனேன்: நான்தான், என்னுடைய பிழை, எனக்குத் தெரிந்திருக்க வேணும். வாசலில் டீச்சர் சிரித்துக்கொண்டு பெட்டியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். சேர்த்த வசனம் ஒன்றும் வரவில்லை.

மகள் பேசினாள். இங்கிலிசில், முழுசாக, ஒரு சொல் இடறாமல். தான்தான் அதை வெயிலில் வைத்ததாம். அம்மா வேண்டாம் என்றவவாம், தான் கேட்கவில்லையாம்.

டீச்சர் முழந்தாளிட்டு அவளைக் கட்டிக்கொண்டார். எவ்வளவு வடிவாகக் கதைக்கிறாய் என்று அவளுடைய தலைக்கு மேலால் எனக்கும் சொன்னார். அவருடைய கண் கலங்கியிருந்தது.

எனக்கு அவ்வளவு இங்கிலிஸ் விளங்கும். இல்லை என்று சொல்லவும் தெரியும். பெட்டியின் மூலையில் ஒட்டியிருந்த வைக்கோலை நகத்தால் சுரண்டிக்கொண்டு நின்றேன்.