மிச்சம் வைக்காதவள்

சுதர்சினி கையெழுத்து வைக்கமாட்டேன் என்று சொன்னபோது, கூடாரத்துக்குள் இருந்த அத்தனை பேரும் தேத்தண்ணிக் கோப்பையை வாயருகே பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டார்கள். மிதிவெடி அகற்றுகிற அந்த அணியில் ஒன்பது வருடமாக வேலை செய்கிற மனுசி அவள். சொன்னதற்கெல்லாம் தலையாட்டுகிறவள் என்றுதான் அதுவரைக்கும் எல்லாரும் நினைத்திருந்தார்கள்.

மாங்குளத்துக்குக் கிழக்கே காட்டோரக் காணி ஒன்றில் அப்போது வேலை. வருடத்துக்கு ஒருமுறை, ஒவ்வொருவருடைய குணத்தையும் வேலையையும் பற்றி மேற்பார்வையாளன் ஆங்கிலத்தில் எழுதவேண்டும். எழுதியதை அந்த ஆளுக்குத் தமிழில் வாசித்துக் காட்டி, கீழே கையெழுத்து வாங்கி, கொழும்புக்கு அனுப்பவேண்டும். மற்ற வருடங்களில் ஆரும் அதைக் காதுகொடுத்துக் கேட்டதுகூட இல்லை. இந்த வருடம் அப்படியில்லை. வெளிநாட்டு உதவி குறைந்துவிட்டது, மூன்று பேரை நிறுத்தப்போகிறார்கள், இந்தத் தாளைப் பார்த்துத்தான் நிறுத்தப்போகிறார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். ஒரு நாளில் துப்புரவாக்குகிற நில அளவில் சுதர்சினிதான் எப்போதும் கடைசி. புருசன் இல்லாதவள். வீட்டில் தாய் மீனம்மாவும் உயர்தரம் படிக்கிற மகளும் இருந்தார்கள். இந்த வேலை போனால் அடுப்பு எரியாது.

மேற்பார்வையாளன் பிரதாபன் நெளுக்குளம் ஊர்க்காரன். முப்பது வயது. ஆங்கிலத்தில் பட்டம் எடுத்தவன். நல்ல பிள்ளைதான், ஆனால் எதையும் கெதியாக முடித்துவிட வேண்டும் என்கிற பிள்ளை. நாலு மணிக்கு முன் எல்லாத் தாளும் போய்விட வேண்டும் என்று அன்றைக்கு இன்னும் பறந்துகொண்டு நின்றான்.

"என்ன எழுதியிருக்கு எண்டு திரும்ப ஒருக்கா வாசியுங்கோ சேர்," என்றாள் சுதர்சினி.

"ஸ்லோ. டிமிட். மெதுவா வேலை செய்வா, பயந்த சுபாவம்."

"மெதுவு எண்டது சரி. பயம் எண்டது பிழை."

"குறை நினையாதேங்கோ அக்கா. மண்ணுக்க இரும்பு கிடக்கு எண்டு கருவி கத்தினால் மற்றவை பத்து நிமிசத்தில முடிக்கிற இடத்தில நீங்கள் அரை மணித்தியாலம் இருக்கிறியள். அதைப் பயம் எண்டு சொல்லாமல் என்னெண்டு சொல்லுறது?"

"பயந்தவள் அரை மணித்தியாலம் அதுக்குப் பக்கத்தில இருப்பாளோ சேர்?"

பின்னாலிருந்து கிருசாந்தன் சிரித்தான். அணியில் வேகமான கை அவனுடையது, அதைவிட வேகமான வாய். "சேர், இப்ப வெடிச்சது உங்கட பக்கம்!"

பிரதாபனுக்கு முகம் சிவந்தது. போனில் அகராதியைத் திறந்து விரலால் தள்ளினான். "சரி, வேற சொல்லுகள் கிடக்கு. ஹெசிடன்ட், கோஷியஸ், கெயார்ஃபுல்... எது போட்டாலும் ஏறக்குறைய ஒண்டுதான் அக்கா."

"ஏறக்குறைய எண்டொரு கதை இந்த வேலையில இல்லையெண்டு, நீங்கள் இஞ்ச வந்த முதல்நாளே எங்களுக்குச் சொன்னனீங்கள்தானே?"

அவன் போனைச் சட்டைப்பைக்குள் வைத்தான். அவள் எழுந்து வெடிக்குப் பாதுகாப்பாகப் போடுகிற அங்கியை உதறினாள். "எனக்கு இங்கிலீசு தெரியாது சேர். ஆனா உங்கட சொல்லுகளை அந்தப் பயிற்சிப் பாதைக்குக் கொண்டுவாங்கோ. கருவி கத்தினா அந்தந்தச் சொல்லுக்காரர் என்ன செய்வினம் எண்டு செய்து காட்டுங்கோ. எது நான் எண்டு நான் சொல்லுறன்."

பயிற்சிப் பாதை என்பது கூடாரத்துக்குப் பக்கத்தில் ஒரு துண்டு நிலம். புதிய ஆட்கள் பழகுவதற்காகப் பழைய ஆணியும் தகரமும் புதைத்திருப்பார்கள். நேரம் ஒன்றரை. பட்டதாரிப் பிள்ளை அங்கே வெயிலில் முழங்காலில் இருந்தான். எல்லாரும் எல்லைக் கயிற்றுக்கு வெளியே வரிசையாக நின்றார்கள்.

"டிமிட்," என்றான். கருவி கத்தியது. உடம்பைப் பின்னுக்கு இழுத்து, கையை நெஞ்சோடு வைத்துக்கொண்டு அங்கும் இங்கும் பார்த்தான். பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"அது நானோ?" என்று சுதர்சினி கேட்டாள்.

"இல்லை," என்றான் அவன், தானே வியந்துபோய்.

"ஹெசிடன்ட்." கையைக் கொண்டுபோனான், எடுத்தான், திரும்பக் கொண்டுபோனான், திரும்ப எடுத்தான். மண்ணில் ஒரு கீறல்கூட விழவில்லை. பயம்தான் காரணம் என்றும் சொல்லமுடியாது. முடிவெடுக்க ஏலாத ஆள், அவ்வளவுதான்.

கோஷியஸுக்கு வந்தபோது அவன் கொஞ்சநேரம் யோசித்தான். பிறகு தலைக்கவசத்தைச் சரிபார்த்தான், கால் வைத்த இடத்தைப் பார்த்தான், பின்னால் ஓட வழி இருக்கிறதா என்று பார்த்தான், அதற்குப் பிறகே தோண்டினான். கெயார்ஃபுல்லுக்கு ஒன்றையும் பார்க்கவில்லை. கண் கையிலேயே இருந்தது. சிறிய கரண்டியால் மண்ணை ஓரத்திலிருந்து மெல்ல மெல்ல எடுத்து, ஒரு ஆணியை நோகாமல் தூக்கி வெளியே வைத்தான். கோஷியஸ்காரனின் மனம் தனக்கு வரப்போகிற ஆபத்தில் இருக்கிறது, கெயார்ஃபுல்காரனின் மனம் கையில் இருக்கிற வேலையில் இருக்கிறது. இரண்டையும் ஒன்று என்று எத்தனை தரம் எழுதியிருப்பான்! முழங்காலில் இருந்தபடியே அவன் வாயைத் திறந்துகொண்டு தன் கையைப் பார்த்தான்.

சிரித்துக்கொண்டிருந்தவர்கள் கயிற்றோடு ஒட்டி நின்று எட்டிப் பார்த்தார்கள்.

"இது கிட்ட வந்திட்டுது," என்றாள் சுதர்சினி. "ஆனா இந்த ஆள் எப்ப எழும்புவார்?"

"ஆணியை எடுத்திட்டன்தானே. இனி எழும்புவார்."

"நான் எழும்பமாட்டன்."

"ஏனக்கா? எடுத்தாச்சே!"

"ஒண்டை எடுத்தாச்சு. அதுக்குக் கீழ ஒண்டு இல்லையெண்டு ஆர் சொன்னது?"

அவள் முழங்காலில் இருந்து, ஆணி எடுத்த குழியின் ஓரத்தைக் கையால் தடவினாள். கட்டியை விரலிடுக்கில் உடைத்தாள். உடைத்த மண்ணைத் திரும்பவும் தடவினாள். அந்தக் கை எங்கே பழகியது என்று அன்றைக்குத்தான் பிரதாபன் கேட்டான்.

அவளுடைய தாய் மீனம்மா கைக்குழந்தையாக மலைநாட்டிலிருந்து வன்னிக்கு வந்தவள். சொந்தக் காணி இல்லை. கச்சான் கடலைக் காலத்தில் பிறர் தோட்டத்தில் செடி பிடுங்கப் போவாள். பிடுங்கி முடிந்தபிறகு, மண்ணுக்குள் அறுந்து கிடக்கிற கச்சான் பொறுக்குகிறவர்களுக்கு. மகள் சுதர்சினிக்கு ஒரு பாய் அளவு நிலத்தைக் காட்டி, "இதை முடிச்சிட்டு எழும்பு" என்பாள். மற்றப் பிள்ளைகள் தோட்டம் முழுக்க ஓடி ஓடிப் பொறுக்குவார்கள். இவள் அந்த ஒரு பாயைவிட்டு அசையமாட்டாள். பொழுது சாயும்போது இவளுடைய பையில்தான் கூடக் கிடக்கும்.

"மேல தெரியிறதை ஆரும் பொறுக்குவினம் சேர்," என்றாள் சுதர்சினி. "உள்ளுக்க மிச்சம் கிடந்ததுதான் எங்களுக்கு இராச்சாப்பாடு. அப்ப விட்டிட்டு எழும்பினா வயிறு காயும். இஞ்ச விட்டிட்டு எழும்பினா, நாளைக்கு ஆரோ ஒரு பிள்ளையின்ர கால் போகும். மண்ணுக்க ஒண்டும் இல்லையெண்டு கை சொல்லவேணும். அதுக்குப் பிறகுதான் நான் எழும்புவன். அதுக்கு உங்கட இங்கிலீசில சொல் இருக்கோ?"

"இருக்கு," என்றான் பிரதாபன். "தரோ எண்டு ஒரு சொல். துவக்கத்தில இருந்து கடைசி வரைக்கும், ஒண்டும் மிச்சம் விடாத ஆள்."

இத்தனை வருடமாக அந்தச் சொற்களையெல்லாம் ஒரு தகரப் பேணிக்குள் கிடக்கிற ஆணிகள் மாதிரிப் பார்த்து வந்தவன் அவன். கைக்கு அகப்பட்டதை எடுத்து அடிப்பான். இப்போது பார்த்தால் ஒவ்வொரு சொல்லுக்கும் கண் வேறு, கை வேறு, முழங்கால் நிலத்தில் இருக்கிற நேரமும் வேறு. எழுதப் படிக்கத் தட்டுத்தடுமாறுகிற ஒரு மனுசி கயிற்றுக்குள் அவனை முழங்காலில் இருத்தி அதைக் காட்டியிருக்கிறாள்.

தாளில் 'டிமிட்' என்பதை வெட்டினான், 'தரோ' என்று எழுதினான். 'ஸ்லோ'வை அவள் வெட்டவிடவில்லை. "அது உண்மைதானே சேர், கிடக்கட்டும்." பிறகு தன் பெயரை எழுத்து எழுத்தாக எழுதி, எழுதியதை ஒருக்கால் விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"கையெழுத்துக்கும் அரை மணித்தியாலமோ அக்கா?" என்றான் கிருசாந்தன்.

"உனக்கென்னடா, உன்ர கையெழுத்தை நீயே வாசிக்கமாட்டாய்."

அடுத்த கிழமை கொழும்பிலிருந்து ஒரு அம்மா போனில் வந்தா. அளவு இவ்வளவு குறைந்த ஆளுக்கு எதற்கு இவ்வளவு பெரிய சொல் என்று கேட்டா. பிரதாபன் நேராகவே கேட்டான்: "அந்தக் காணியில நீங்கள் நடக்கவேண்டி வந்தால், மிஸ், ஆர் துப்புரவாக்கின பக்கத்தால நடப்பீங்கள்?" சரி, அந்தச் சொல் அப்படியே இருக்கட்டும் என்று சொல்லி அந்த அம்மா போனை வைத்தா.

பட்டியல் வந்தபோது சுதர்சினியின் பெயர் நிறுத்துகிறவர்களில் இல்லை. மற்றவர்கள் முடித்த நிலத்தைத் திரும்பவும் சோதிக்கிற இரண்டு பேரில் ஒருத்தியாக அவளைப் போட்டிருந்தார்கள். அந்த வேலைக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு என்று அளவு கிடையாது. செய்தியைக் கேட்டு அவள் அழவுமில்லை, துள்ளவுமில்லை. தேத்தண்ணியைக் கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டுக் கேட்டாள்:

"உங்களைப் பற்றியும் மேல உள்ளவை எழுதியிருப்பினம்தானே சேர்? என்ன சொல்?"

"கொன்ஃபிடன்ட்," என்றான் பிரதாபன். "தன்னில நம்பிக்கை உள்ள ஆள்."

"நல்ல சொல். அதுக்குக் கிட்ட வேற சொல்லுகள் இல்லையோ?"

"இருக்கு," என்றான். தலைக்கனம் பிடித்தவனுக்கு ஒன்று, யோசியாமல் பாய்கிறவனுக்கு ஒன்று என்று மனதுக்குள் எண்ணினான்.

"அப்ப கருவி கத்தினா, நீங்கள் எந்த ஆள்?"

பிரதாபன் கதிரையிலிருந்த தலைக்கவசத்தையும் கருவியையும் எடுத்துக்கொண்டு, பயிற்சிப் பாதைப் பக்கம் தனியே நடந்தான்.