மூன்று நாள் வீட்டுக்காரர்

சவேங் படித்தது நாலாம் வகுப்பு வரைக்கும்தான். அதைச் சொல்ல அவருக்கு வெட்கம் கிடையாது, கேட்காதவர்களிடமும் சொல்வார். ப்ராண் ஆற்று முகத்துவாரத்தில் அவர் ஐஸ் ஏறாமல் ஒரு கணவாய் மீன் படகும் கடலுக்குப் போகாது. பாங்காக்கிலிருந்து வந்த இஞ்சினியர் மூன்று நாள் முழி பிதுங்கி நின்ற ஐஸ் மிஷின் கம்ப்ரசரில், குழாயில் காதை வைத்துக் கேட்டே எந்த வால்வில் கோளாறு என்று சொன்ன ஆள். உமி மூட்டைக்குள் ஐஸ் கட்டியை வைத்துத் தள்ளுவண்டியில் விற்ற பையன், நாற்பது வயதில் சொந்தக் கம்பெனி போட்டான், ஐம்பதில் இரண்டாவது, அறுபதில் எட்டு லாரி. யாரால் ஆனது இதெல்லாம்? “இந்தக் கையால” என்பார், இரண்டு கையையும் விரித்துக் காட்டி.

அதில் பாதிதான் உண்மை. மீதிப் பாதி அவருடைய அக்கா லமாய்.

அப்பாவும் அம்மாவும் ஒரே வருஷத்தில் போய்ச் சேர்ந்தபோது லமாய்க்கு வயது பதினெட்டு, தம்பிக்கு ஒன்பது. கணவாய் கீறிக் காயப்போடும் கூலி வேலையில்தான் தம்பியை வளர்த்தாள். முதல் தள்ளுவண்டிக்குச் சக்கரம் கிடைக்காதபோது, யாரோ போட்டுவிட்டுப் போன பழைய ரிக்‌ஷாவிலிருந்து இரண்டைக் கழற்றி உருட்டிக்கொண்டே வந்தவளும் அவள்தான். கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. சவேங்கின் மனைவி காய்ச்சலில் இறந்ததும் இரண்டு வயதுப் பகோனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள், அவ்வளவுதான், இருபது வருஷம் ஓடிவிட்டது. பகோன் படித்துக் கப்பலில் அதிகாரியானான்.

அவள் தம்பியிடம் கேட்டது வாழ்நாளில் ஒன்றே ஒன்று. அந்த நாட்டுக் கல்யாணத்தில் பெண்ணும் மாப்பிள்ளையும் குனிந்து கைகூப்பி உட்கார்ந்திருக்க, பெரியவர்கள் வரிசையாக வந்து சங்கால் அவர்கள் கையில் தண்ணீர் ஊற்றி வாழ்த்துவார்கள். மூத்தவருக்குத்தான் முதல் சங்கு.

“பகோன் கையில முதத் தண்ணி நான்தான் ஊத்துவேன். சொல்லிட்டேன். அமைச்சரையே கூட்டிட்டு வந்தாலும் எனக்குப் பின்னாடிதான் நிக்கணும்” என்பாள். அதற்கென்று ஊதா நிறத்தில் ஒரு பட்டுப் பாவாடைத் துணி எடுத்து, பூச்சி அரிக்காமல் மிளகு போட்டு வைத்திருந்தாள்.

பகோன் தேடிக்கொண்ட பெண் ரின்ரதா, துறைமுக அலுவலகத்தில் வேலை. அப்பா பிசித், நில அளவைத் துறையில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர். அம்மா விலாவன், பள்ளிக்கூடத் தலைமையாசிரியை. மாப்பிள்ளை கப்பலில் இருந்தாலும் பரவாயில்லை, பெரியவர்கள் முதலில் உட்கார்ந்து பேசிவிடலாம் என்று பாங்காக்கிலிருந்து விலாவன் அம்மாள் போன் பண்ணினார்.

சவேங்கின் வீடு ஐஸ் கம்பெனி மாடியில். கீழே அமோனியா வாடை, சுற்றிலும் காயும் கணவாய் வாடை. போனில் அந்த அம்மாளின் குரல் அத்தனை சுத்தமாக இருந்தது. “எங்க கடற்கரை வீட்டுக்கு வாங்க” என்று சவேங்கின் வாய் சொல்லிவிட்டது. சொன்ன பிறகுதான் அப்படி ஒரு வீட்டைத் தேடினார்.

தக்கியாப் மலைப் பக்கம், கடலைப் பார்த்து நிற்கிற அந்த உயர்ந்த கட்டடத்தைத் தெரியாதவர்கள் இல்லை. அது எழும்பியபோது கொத்தனார்கள் குடித்த தண்ணீரில் மிதந்தது அவர் ஐஸ். இப்போது அதில் ஒன்பதாவது மாடி வீடு ஒன்றை, யாரோ ஒரு வெள்ளைக்காரருடையது, தரகர் பெண் மூலமாக மூன்று நாள் வாடகைக்குப் பிடித்தார். போன உடனே செய்த முதல் வேலை, சுவரில் இருந்த வெள்ளைக்காரக் குடும்பத்தையும் அவர்கள் நாயையும் கழற்றி அலமாரிக்குள் வைத்துவிட்டு, ஐஸ் வியாபாரிகள் சங்கத்தில் தான் கேடயம் வாங்கிய படத்தை மாட்டினதுதான்.

லமாயின் முதல் வேலை வேறு. கார் நிறுத்துமிடத்துக்குப் பக்கத்தில், கம்பத்தின் மேல் இருந்த காவல் தெய்வத்தின் சின்ன வீட்டின் முன்னால் மாலை வைத்து, ஊதுபத்தி கொளுத்தி, உரக்கவே சொன்னாள்: “சாமி, நாங்க ப்ராண்காரங்க. இது எங்க வீடு இல்ல. மூணு நாள் வாடகைக்கு வந்திருக்கோம். தப்பு தண்டா இருந்தாப் பொறுத்துக்குங்க.”

“அக்கா! மெதுவாப் பேசு. வாட்ச்மேன் காதுல விழுது.”

“சாமிகிட்டயும் பொய் சொல்லச் சொல்றியா? தூங்கும்போது வந்து காலைப் பிடிச்சு இழுத்தா, நீ எந்திரிச்சுப் பதில் சொல்லுவியா?”

சும்மா சொல்லக் கூடாது, சவேங்குக்கு அந்த வீடு அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது. கண்ணாடிக் கதவைத் தள்ளினால் கடல். பால் வெள்ளைச் சோபா. அங்கே தொங்கிய, குளியல் துண்டுத் துணியில் தைத்த நீள அங்கியைப் போட்டுக்கொண்டு மாடத்தில் நின்று, பக்கத்து மாடத்துக்காரர்களுக்குக் கையாட்டினார்.

“ஐஸ் தள்ளின பய எங்க வந்து நிக்கிறான் பாத்தியா அக்கா?”

“பாத்தேன். செருப்பை இடம் வலம் மாத்திப் போட்டுக்கிட்டு நிக்கிறான்.”

மெத்தையில் ஒருமுறை உட்கார்ந்து பார்த்தாள் லமாய். “சேத்துல இறங்கின மாதிரி இருக்குடா” என்று எழுந்து, தரையில் பாயை விரித்துக்கொண்டாள். ஆனால் சந்தோஷமாகத்தான் இருந்தாள். தன் நல்ல சட்டையை ஹாங்கரில் மாட்டி, சுருக்கம் விழாதிருக்கிறதா என்று வந்து வந்து பார்த்தாள்.

மறுநாள் மதியம் விருந்து. காலையிலேயே ப்ராணிலிருந்து ஒரு கூடை உயிர் நண்டு வந்து இறங்கியது, கொடுக்கு கட்டி. அந்த நாகரிகச் சமையலறைத் தொட்டியில் இரண்டு கோப்பைதான் கழுவலாம். நண்டை எங்கே போடுவது?

“குளியல் தொட்டி எதுக்கு இருக்கு? கொட்டு அதுல” என்றார் சவேங்.

“குளிக்கிற எடத்துலயா? வேண்டாம்டா, பாக்க நல்லா இருக்காது.”

“ரெண்டு மூட்டை ஐஸ் அடியில, ஒரு மூட்டை மேல. ஐஸ் விஷயத்துல எனக்கே பாடம் எடுக்கிறியா? கொட்டுன்னா கொட்டு.”

அவரே தூக்கிக் கொட்டினார்.

பன்னிரண்டரைக்கு வருவதாகச் சொன்னவர்கள் பன்னிரண்டுக்கே வந்துவிட்டார்கள். லமாய் சமையலறைத் தரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, சத்தம் கேட்காமலிருக்க உரலுக்கடியில் துண்டை மடித்துப் போட்டு மிளகாய் இடித்துக்கொண்டிருந்தாள். மேலே பழைய பனியன், இடுப்பில் நனைந்த கைலி. பிசித் கடலைப் பார்த்து “நல்ல இடம்” என்றார். விலாவன் அம்மாள் கொண்டுவந்த பழக்கூடையைக் கொடுத்துவிட்டு, கை கழுவக் குளியலறைக்குள் போனார்.

ஒரு சின்ன அலறல். அதன் பின்னால் சிரிப்பு.

“ஐயையோ, தொட்டி நிறைய நண்டு! ஒண்ணு கட்டை அவுத்துக்கிட்டு என்னைப் பாத்து முறைக்குதுங்க! உங்க வேலைக்காரம்மா செஞ்ச வேலையா இது?”

பதில் சொல்ல, ரம்பத்தால் ஒரு ஐஸ் கட்டியைப் பிளக்கிற நேரம் கூட ஆகாது. ‘அது நான் செஞ்சது, இது எங்க அக்கா.’ இவ்வளவுதான் சொல்ல வேண்டியது. மீன்வள அமைச்சர் முன்னாலேயே நாக்குக் குழறாத மனுஷன், அந்த வெள்ளைச் சோபாவையும் அக்காவின் நனைந்த கைலியையும் பார்த்தார். வாயைத் திறந்தார். மூடினார்.

சமையலறை வாசலில் லமாய் எழுந்து வந்து நின்றாள். தம்பியின் முகத்தை ஒரு தரம் பார்த்தாள். அந்த முகத்தை அவளுக்குப் படிக்கத் தெரியாதா?

“மன்னிச்சுக்கங்கம்மா” என்று கும்பிட்டாள். “பட்டிக்காட்டுக்காரி, புத்தி அவ்வளவுதான். முதலாளிக்குத் தெரியாது.”

“இதுக்கெல்லாம் எதுக்குக்கா மன்னிப்பு? நண்டு நல்லா இருந்தாச் சரி” என்று சிரித்துவிட்டு விலாவன் அம்மாள் வந்து உட்கார்ந்தார்.

அங்கேயே திருத்தியிருக்கலாம். சாப்பாட்டின் நடுவில் இன்னொரு சந்தர்ப்பமும் வந்தது. அவித்த நண்டும் எலுமிச்சை பிழிந்த கணவாயும் மேஜையில். லமாய் நின்று பரிமாறிவிட்டு உள்ளே போய்ப் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். விலாவன் அம்மாள் கேட்டார்: “உங்க பக்கத்துல மூத்தவங்க யாரு? முதல் சங்கு யாரு கையில கொடுக்கணும்?”

“அப்பா அம்மா இல்லைங்க. ஒரு அக்கா இருக்காங்க...” சவேங் தண்ணீர் குடித்தார். “ரொம்பத் தூரத்துல. உடம்பு முடியாதவங்க. பயணம் ஒத்துக்காது.”

உள்ளே குழாய்ச் சத்தம் நின்றது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கேட்டது.

அவர்கள் கிளம்பும்போது சவேங் பிசித்தோடு பேசிக்கொண்டே லிப்டை நோக்கி முன்னால் நடந்தார். காலிப் பழக்கூடையைத் திருப்பிக் கொடுக்க லமாய் விலாவன் அம்மாளோடு பின்னால் வந்தாள். கார் போனதும் மேலே வந்து பார்த்தால், அவள் தரையில் உட்கார்ந்து சோறு தின்றுகொண்டிருந்தாள்.

“அக்கா, சமயம் பாத்துச் சொல்லிடுறேன்.”

“என்னான்னு சொல்லுவே?”

“அது... எனக்குத் தெரியாதா எப்படிச் சொல்றதுன்னு?”

“உனக்கா தெரியாது? கம்ப்ரசர் குழாய்லயே காதை வெச்சுக் கேக்குறவனாச்சே.” சிரித்தாள். அந்தச் சிரிப்பைத்தான் சவேங்கால் தாங்க முடியவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்குக் கத்தியிருப்பார்.

மறுநாள் காலை நல்ல சட்டையை ஹாங்கரிலிருந்து எடுத்து மடித்துப் பையில் வைத்தாள்.

“இன்னும் ஒரு நாள் இருக்கே அக்கா?”

“வெயில் நல்லா இருக்கு. கணவாய் கிடக்கு” என்று மினி பஸ் ஏறிவிட்டாள்.

சவேங் அந்த மூன்றாவது நாளைத் தனியாகக் கழித்தார். கீழே நீச்சல் குளத்தில் பிள்ளைகள் குதித்தன. அங்கியைப் போட்டுக்கொண்டார், கழற்றினார். மாடத்தில் உட்கார்ந்தார், எழுந்தார். போனை எடுத்து விலாவன் அம்மாளின் எண்ணைத் திரையில் கொண்டுவந்து, நேரம் சரியில்லை, சாப்பிடுகிற நேரம், தூங்குகிற நேரம் என்று திரும்ப வைத்தார். எதையும் ஒரே மூச்சில் முடிக்கிற கை அது. அன்றைக்கு ஒரு பொத்தானை அழுத்தவில்லை. கிளம்பும்போது வெள்ளைக்காரக் குடும்பத்தையும் நாயையும் பழையபடி மாட்டினார்.

நான்கு மாதம் ஓடியது. பத்திரிகை அடித்ததும் அக்காவிடம் முதல் பத்திரிகையோடு போனார். லமாய் கம்பிவலைத் தட்டில் கணவாயை வரிசையாக விரித்துக்கொண்டிருந்தாள்.

“நீ வரணும் அக்கா.”

“எந்த வாசல் வழியா?”

அவருக்குப் புரியவில்லை.

“சமையக்கட்டு வழியா வந்தா உன் மகன் பாத்துடுவான். முன் வாசல் வழியா வந்தா அந்தம்மா பாத்துடும். எந்த வாசல்னு நீயே சொல்லு, வரேன்.”

முன் வாசல் என்று இரண்டே சொல். அதைச் சொல்ல வேண்டுமானால் அதற்கு முன்னால் பாங்காக்குக்கு ஒரு போன் போட வேண்டும். “இன்னும் நாள் இருக்கே, பாத்துக்கலாம்” என்றார் சவேங். லமாய் அடுத்த கணவாயை எடுத்துத் தட்டில் விரித்தாள்.

கல்யாணத்துக்கு நான்கு நாள் முன்பு கரையிறங்கிய பகோன், “அத்தை எங்கப்பா?” என்றுதான் முதலில் கேட்டான். முட்டி வலி என்றார். அவன் அத்தைக்கே போன் பண்ணினான். “ஆமாண்டா கண்ணு, படி ஏற முடியல. நான் இங்கருந்தே வாழ்த்துறேன்” என்று அவளும் சொன்னாள்.

பாங்காக் ஹோட்டல் மண்டபத்தில் முதல் சங்கை ஐஸ் வியாபாரிகள் சங்கத் தலைவர் கையில் கொடுத்தார்கள். சவேங் அவரோடு சேர்ந்தாற்போல் பத்து நிமிஷம் பேசியது கிடையாது. அந்த ஆள் போட்டோக்காரரைப் பார்த்தபடியே தண்ணீரை ஊற்றினார்; பாதி பகோனின் முழங்கையில் வழிந்தது. பகோன் நிமிர்ந்து யார் என்று பார்த்தான். யாரென்று அவனுக்குத் தெரியவில்லை.

அந்தப் பார்வையைக் கண்ட பிறகு சவேங்கால் இருக்க முடியவில்லை. விருந்து முடிந்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது விலாவன் அம்மாளை ஓரமாக அழைத்தார். வீடு வாடகைக்கு எடுத்தது, நண்டைக் கொட்டியது தான், அந்த அம்மா தன் அக்கா. மூட்டை அவிழ்த்துக் கொட்டுகிற மாதிரி எல்லாவற்றையும் கொட்டினார்.

விலாவன் அம்மாள் அதிர்ச்சி அடையவில்லை. “அன்னைக்கே தெரியுங்க” என்றார். “நண்டை உடைச்சு நல்ல சதையை எடுத்து முதல்ல உங்க தட்டுல வெச்சாங்க. வேலைக்காரம்மான்னா விருந்தாளிக்குத்தானே வெப்பாங்க? நீங்களாச் சொல்வீங்கன்னு இருந்தோம். நானாக் கேட்டா உங்க முகம் சுண்டிப் போயிடுமே. இன்னைக்கு முகூர்த்தம் வரைக்கும் வாசலைத்தான் பாத்துக்கிட்டிருந்தேன்.”

மறுநாள் விடிந்ததும் ப்ராணுக்கு வண்டியை விட்டார். லமாய் தட்டுகளைத் திருப்பிக்கொண்டிருந்தாள்.

“அக்கா, அந்தம்மாகிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன். அவங்களுக்கு முன்னாடியே தெரியுமாம்.”

“தெரியும்டா. அன்னைக்கே லிப்டுகிட்ட என் கையைப் பிடிச்சுக்கிட்டு, ‘அக்கா, கல்யாணத்துல பாப்போம்’னு சொல்லிட்டுத்தான் போச்சு.”

“அப்ப... ஏன் வரல?”

“அந்தம்மா கூப்பிட்டு நான் எதுக்கு வரணும்? நான் உன் அக்கா. நீ எந்த வாசல்னு சொல்லுவேன்னு அந்த ஊதாத் துணியைத் துவைச்சு, தேச்சு வெச்சிருந்தேன். முந்தா நாள் வரைக்கும் பாத்தேன்.”

“என் மேல கோவமா?”

“கோவமெல்லாம் இல்லடா.” அடுத்த தட்டுக்கு நகர்ந்தாள். “பகோன் கையில ஊத்தணும்னு இருந்தேன். முடியல. அவ்வளவுதான்.”

அவன் ரின்ரதாவோடு வரும்போது இங்கேயே ஊற்றலாமே, வெள்ளிச் சங்கு வாங்கி வருகிறேன், ஊரையே கூப்பிடுகிறேன் என்று சவேங் வேகமாகப் பேசினார். லமாய் கேட்டுக்கொண்டே நான்கு தட்டுகளைத் திருப்பி முடித்தாள்.

“வரட்டும், சோறு ஆக்கிப் போடுறேன்” என்றாள். “தண்ணி ஊத்துறது முடிஞ்சு போச்சுடா. அவங்களுக்குக் கல்யாணம் ஆயிடுச்சு.”