ஏரிமேல் ஏழாவது புள்ளி

சத்தியமாக நடந்தது. என்னைச் சௌனா என்னும் நீராவிக் குளியலறையில் பூட்டி, சூட்டுக் கல்லில் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிக் கேட்டாலும் இதையேதான் சொல்வேன். நான் எதையும் பத்து மடங்கு ஊதிச் சொல்கிறவன் என்று ஊரில் பேச்சு. உண்மைதான், அதில் எனக்கு ஒரு சந்தோஷம். ஆனால் இதை மட்டும் என்னால் ஊத முடியவில்லை.

எங்கள் குவூசமோ ஊருக்கு வடக்கே, உறைந்த ஏரியில் தூண்டில் போட்டி. ஜனவரியில் எங்களுக்கு மதியம் மூன்றுக்கே நள்ளிரவு. போட்டி முடிந்ததும், யாராவது ஏரிமேல் தங்கிவிட்டார்களா என்று ஆறு வண்டிகள் பனிப்பாதையில் சுற்றும். ஒவ்வொன்றிலும் எங்கள் ரேடியோ சங்கத்தின் பெட்டி. 'கிர்ர்க்' என்று தன் இருப்பிடத்தையும் உயரத்தையும் அனுப்பும். கரைக் குடிசையில் என் திரையில் ஒரு புள்ளி நகரும்.

போன வருடம் பெட்டிகள் இல்லை. "எதுக்கு இந்த விளையாட்டுச் சாமான்?" என்று தடுத்தவன் போட்டித் தலைவன் பெர்ட்டி. அந்த வருடம்தான் என் நண்பன் உர்ஹோ வண்டியோடு ஏரிக்குள் போனான். "குடிச்சுட்டு நாணல் பக்கம் ஓட்டினான்" என்று போலீசிடம் சொன்னான் பெர்ட்டி. கோடை முழுக்க நாணல் பக்கம் தேடினார்கள். உடல் கிடைக்கவில்லை. உர்ஹோவின் மனைவி ஐலாவுக்குப் புதைக்கப் புருஷனும் இல்லை, கடைக்குப் போனால் மரியாதையும் இல்லை.

இந்த வருடப் போட்டியன்று ஐலா என் பக்கத்தில் காப்பி ஊற்றிக்கொண்டிருந்தாள்.

3.41. கிர்ர்க்.

திரையில் ஏழாவது புள்ளி. அதன்மேல் உர்ஹோவின் அழைப்புக்குறி, ரேடியோ உரிமத்தோடு அவனுக்குக் கொடுத்த அடையாளம். அது ஆளுக்கு ஒன்றுதான். இன்னொருவர் எடுக்க முடியாது.

என் தலைமுடி நின்ற நிற்பில் தொப்பி கூரையில் போய் முட்டியது.

விவரத்தைத் திறந்தேன். கரையிலிருக்கும் எங்கள் ரேடியோ கோபுரம் அந்த சிக்னலைக் கேட்கவே இல்லை. ஒரே ஒரு வண்டி கேட்டு எங்களுக்குக் கடத்தியிருந்தது. பெர்ட்டியின் வண்டி.

புள்ளி அவனுக்கு இருநூறு மீட்டர் பின்னால்.

மைக்கை எடுத்தேன். "பெர்ட்டி, உன் பின்னாடி யாராவது வர்றாங்களா?"

"ரெண்டு வெளக்கு தெரியுது. ஏன் பெருசு?"

"உர்ஹோ குறியில வருது."

சிரித்தான். "காப்பியில என்னத்தக் கலந்த? அவன் மீனுக்குத் தீனியாகி ஒரு வருஷம் ஆச்சு."

ஐலாவின் முகம் அசையவில்லை. கோப்பை நிரம்பி, வழிந்து, மேசையில் ஓடியது...

3.44. கிர்ர்க். எண்பது மீட்டர்.

"வெளக்கை அணைக்கச் சொல்லு! கண்ணு கூசுது!" சிரிப்பு போயிருந்தது.

"கரைக்கு வா, பெர்ட்டி!"

"விட மாட்டேங்கறான்... இடிக்கறான்..."

ஐலா மைக்கைப் பிடுங்கினாள்.

"என் வீட்டுக்காரர் எங்க விழுந்தார்?"

கரகரப்பு.

"நாணல் பக்கம் இல்ல... பாதையிலதான்..." அவன் அழுதான். "பனி மெலிசுன்னு தெரியும்... தெரிஞ்சுதான் போகச் சொன்னேன்..."

"எங்கடா?"

"இங்க..."

இரண்டு புள்ளிகளும் ஒன்றாயின.

கிர்ர்க். கடல் மட்டத்துக்கு மேல் உயரம் 240 மீட்டர். ஏரியின் மட்டம்.

கிர்ர்க்... 233.

கிர்ர்க்... 221.

தண்ணீருக்கு அடியிலிருந்து ரேடியோ வராது.

வந்தது.

ஓடினோம். அந்த இடத்தில் பனி அரை மீட்டர் கனம். லாரியே நிற்கும். ஓட்டை இல்லை. ஒரு கீறல்கூட இல்லை.

மறுநாள் பனியை அறுத்துத்தான் முக்குளிப்பவர்கள் இறங்கினார்கள். பாதைக்கு நேர் கீழே, அருகருகே இரண்டு வண்டிகள். ஐலா தன் புருஷனை அடையாளம் காட்டினாள்.

பெர்ட்டியின் வண்டியில் யாரும் இல்லை. கதவுகள் உள்பக்கம் பூட்டியபடி.

அவன் இருந்தது உர்ஹோவின் வண்டியில்.

பக்கத்து இருக்கையில்.

பெல்ட் போட்டு.