நாத்தனாரோடு ஆடிய இரண்டு கை ஆட்டம்

காணும் பொங்கலன்று மதியச் சாப்பாடு முடிந்ததும் எங்கள் பெரம்பலூர் வீட்டுக் கூடத்தில் பாய் விரித்து மூன்று சீட்டு ஆடுவோம். காசு கிடையாது, புளியங்கொட்டைதான் பந்தயம். கொட்டை முழுவதையும் முதலில் இழந்தவர் எல்லோருக்கும் டீ போட வேண்டும். கல்யாணமாகி வந்ததிலிருந்து டீ போட்டது நான். ஜெயித்தது என் நாத்தனார், கணவரின் அக்கா.

அதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். போன பொங்கலுக்கு உடையார்பாளையத்திலிருந்து அப்பா சீர் கொண்டுவந்தார். முந்திரியை முறத்தில் கொட்டிக் கிளறிய நாத்தனார், அத்தனை பேர் எதிரில், "ஏங்க, நல்ல பருப்ப வித்துட்டு, கழிச்சதக் கட்டிட்டு வந்துட்டீங்களா?" என்றார். அப்பா சிரித்து மழுப்பினார். பஸ்சுக்கு நேரமாகிவிட்டது என்று சாப்பிடாமலே கிளம்பிவிட்டார். அந்தக் காணும் பொங்கலன்றும் நான்தான் டீ போட்டேன்.

அதன்பிறகு நாத்தனாரின் ஆட்டத்தையே நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் பொறுமைசாலி. எட்டுப் பேர் உட்கார்ந்தால் யாருக்காவது ஜோடி விழுந்துவிடும், ஒற்றை ஏஸை நம்பி இறங்கினால் அழிவுதான். அதனால் நல்ல சீட்டு வரும்வரை கவிழ்த்துப் போட்டுக்கொண்டே இருப்பார். நான் எல்லாவற்றிலும் இறங்கித் தோற்பேன். ஆனால் இரண்டே பேர் ஆடினால் பெரும்பாலும் இருவர் கையிலும் ஒன்றும் இருக்காது. அங்கே காத்திருப்பவர்தான் தேய்வார். சாயங்காலங்களில் கணவரோடு ஆடி ஆடி இதைத் தெரிந்துகொண்டேன். எதற்கென்று அவரிடம் சொல்லவில்லை.

இந்த வருஷம் காணும் பொங்கல் வெள்ளிக்கிழமை வந்தது. எல்லோரும் சிறுவாச்சூர் கோயிலுக்குப் போனார்கள். முழங்கால் வலி என்று நாத்தனார் தங்கினார். நானும் தங்கினேன்.

"அண்ணி, ஆடலாங்களா?"

"ரெண்டு பேருக்கு என்னத்த ஆட்டம்? சரி, கலைச்சுப் போடு. டீத்தூள் இருக்கான்னு பாத்துக்க."

ஒவ்வோர் ஆட்டத்துக்கும் முன்னால் ஆளுக்கொரு கொட்டை வைக்க வேண்டும். நான் பந்தயத்தை ஏற்றினேன். அவர் பழக்கப்படி, வைத்த கொட்டையை விட்டுவிட்டுக் கவிழ்த்தார். மறுபடி ஏற்றினேன், மறுபடி கவிழ்த்தார். அவர் குவியல் கரைந்தது. ஒருமுறை ரோஷப்பட்டு எதிர்த்து நின்றார். அப்போது என் கையில் நிஜமாகவே மூன்று ஏழு. அதன்பின் நான் ஏற்றினாலே அவருக்குப் பயம்.

கடைசியில் என் கொட்டை முழுவதையும் நடுவில் தள்ளினேன். அவர் என் முகத்தையே பார்த்தார். பிறகு ராணி ஜோடியைத் திருப்பிக் காட்டிவிட்டு, "இதுக்கு மேலயா வச்சிருக்க?" என்று கீழே போட்டார்.

என் சீட்டைத் திருப்பினேன். ஜோடிகூடக் கிடையாது, இருந்ததிலேயே பெரியது ஒன்பது.

மிச்சமிருந்த கொட்டைகளும் சீக்கிரமே என் பக்கம் வந்துவிட்டன. அதற்குள் வாசலில் வேன் நின்றது. "யாரு ஜெயிச்சது?" என்று கேட்டபடி கணவர் உள்ளே வந்தார்.

"சும்மா பொழுது போவ ஆடுனோம்டா" என்றார் நாத்தனார்.

"இல்லங்க, அண்ணி தோத்துட்டாங்க" என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னேன். "எல்லாருக்கும் டீ போடுவாங்க. அண்ணி, நல்ல தூளாப் பாத்துப் போடுங்க. கழிச்சது வேணாம்."

அவருக்குப் புரிந்துவிட்டது. முகம் கறுத்துப்போய் எழுந்தார். பாவமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். துளிக்கூட இல்லை. அவர் நீட்டிய டம்ளரை உட்கார்ந்தபடியே வாங்கி, ஆறவிட்டு, மெதுவாகக் குடித்தேன்.