மாலை கழலும் வரை சொல்லாத சேதி

பழனிக்கு எங்கள் பக்கத்து ஆட்கள் பெரும்பாலும் தார் ரோட்டில்தான் நடப்பார்கள். எங்கள் குருசாமிக்கு அதெல்லாம் நடையே இல்லை. அனுமந்தன்பட்டியில் புறப்பட்டு, கும்பக்கரையில் மலை ஏறி, வெள்ளகவி, கொடைக்கானல் வழியாகப் பழனியில் இறங்கும் பழைய தடம்தான் அவருக்கு. ஐந்து நாள். அம்மாவுக்குச் சிறுநீரகம் பழுதாகி, தேனிக்கு டயாலிசிஸ் போய்க்கொண்டிருந்த தை மாதம், அவள் பிழைக்க வேண்டும் என்று நானும் மாலை போட்டேன். அவளுக்கு நான் ஒரே மகன்.

நடையில் யாரும் செல்போன் வைத்துக்கொள்ளக் கூடாது. எல்லாம் குருசாமியின் பையில் இருக்கும். வழியில் சாவுச் சேதி காதில் விழுந்தால் மாலையைக் கழற்றிவிட்டுத் திரும்ப வேண்டும். அப்படி ஒரு மாலை கழன்றால் மொத்தக் குழுவுக்கும் ஆகாது என்பார். தலையாட்டிக்கொண்டு போனைக் கொடுத்த மடையன் நான்.

மூன்றாம் நாள் வெள்ளகவி தாண்டி மேலே ஏறியதும் சிக்னல் கிடைத்தது. குருசாமி தள்ளிப்போய் நின்று வெகுநேரம் பேசினார். வீட்டில் எப்படி இருக்கிறார்கள் என்று கேட்டேன்.

"எல்லாரும் நல்லாருக்காக. நடங்க சாமி."

நடந்தேன். முழங்கால் வீங்கி, இறக்கத்தில் நண்டு மாதிரி பக்கவாட்டில் இறங்கினேன். ஐந்தாம் நாள் முருகன் முன்னால் நின்று அம்மாவுக்கு ஆயுசு கேட்டேன். வெட்கமில்லாமல் அழுதுகூடக் கேட்டேன்.

அடிவாரத்தில் என் மாலையைக் கழற்றிய பிறகுதான் குருசாமி வாயைத் திறந்தார். அம்மா இறந்து அன்றைக்கு மூன்றாம் நாள். முந்தின நாள் மதியமே எரித்துவிட்டார்கள். கொடைக்கானலில் பஸ் ஏறியிருந்தால் அவள் முகத்தைப் பார்த்திருப்பேன்.

"ஒங்க நேர்த்திக்கடன் கெட்டிரக் கூடாதுல்ல சாமி" என்றார்.

அவர் துண்டைப் பிடித்து உலுக்கினேன். மற்ற சாமிகள் என்னைத்தான் இழுத்துத் தள்ளினார்கள்.

வீட்டு வாசலில் அக்கா மறித்தாள். "ஏன்டா, பழனி மலை ஏறாம வரமாட்டேன்னு சொன்னியாம்ல? குருசாமி போன்ல சொன்னாக. அப்பயும் மனசு கேக்காம மறுநா மத்தியானம் வரைக்கும் ஐஸ் பெட்டியில வச்சிருந்தோம். சித்தப்பா மகன்தான் கொள்ளி வச்சான்."

எனக்குச் சேதியே தெரியாது என்று சத்தியம் செய்தேன்.

"அப்ப சாமி பொய் சொல்லிட்டாகளா?" என்றாள்.

போன தையில் அக்கா வீட்டுக்காரரும் அதே குருசாமி கையால் மாலை போட்டுக்கொண்டார். குழு புறப்பட்ட அன்று தெருவில் நின்று பார்த்தேன். அக்கா குருசாமியின் கால்களுக்குத் தண்ணீர் ஊற்றிக் கும்பிட்டாள். நிமிர்ந்தவள், என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.