சௌந்தரவல்லிக்குப் பதில் வந்தவள்

"ஓடிப்போறவ தூக்குப்போசியில மத்தியானச் சோத்தைப் போட்டுக்கிட்டா ஓடுவா? எனக்குக் காது குத்தி அம்பது வருசமாச்சு தெய்வாத்தா. நீ புதுசாக் குத்தாத."

மண்ணரைக் குழாயடியில் மருதம்மாள் இப்படிச் சொன்னதும், வரிசையில் நின்ற பெண்கள் குடத்தை இடுப்பிலிருந்து இறக்கினார்கள். லைன் வீட்டுக்குச் சொந்தக்காரி அவள். அவள் வாய் திறந்தால் தண்ணீர் கொஞ்சம் காத்திருக்கலாம்.

தெய்வாத்தாள் விடுவதாக இல்லை. "நாங் கண்ணால பாத்தனுங்க மருதக்கா. கருத்தம்மா முன்னால விறுவிறுன்னு போறா. கட்டிங் மாஸ்டரு பனியனோட வாசல்ல நின்னுக்கிட்டு 'ராக்கம்மா, ராக்கம்மா'ன்னு கத்தறாரு. பொண்டாட்டி பேரு கருத்தம்மா. அப்ப அந்த ராக்கம்மா எவளுங்க? எவ பேரோ வாயில வந்துருச்சு, ஊட்டுல பத்திக்கிச்சு, இவ கெளம்பிட்டா. நாடகத்தைப் பாத்துப் பாத்துக் கெட்டுப்போனவ அவ."

"ராக்கம்மா எவன்னு என்னையக் கேளு. போனாளே, அவதான் ராக்கம்மா."

குழாயில் தண்ணீர் வழிந்து ஓடியது. அதை நிறுத்த யாருக்கும் தோன்றவில்லை.

மருதம்மாளுக்கே இது தெரிந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. கட்டிங் மாஸ்டர் பொன்னுச்சாமி உசிலம்பட்டிப் பக்கத்துக்காரர். பொண்டாட்டியையும் ஒரு பெண் குழந்தையையும் கூட்டிக்கொண்டு இந்த லைன் வீட்டுக்குக் குடிவந்த நாளிலிருந்து, "கருத்தம்மா, தண்ணி கொண்டா, கருத்தம்மா, கதவைச் சாத்து" என்றுதான் அவர் குரல் கேட்கும். அவளும் "இந்தா வாரேன்" என்று ஓடுவாள். அப்படி ஓடுகிறவளுக்கு வேறு பேர் இருக்கும் என்று யார் நினைப்பார்கள்?

சாயங்காலமானால் அவள் ஒரு மூட்டைப் பனியனைத் தூக்கிக்கொண்டு மருதம்மாள் வீட்டுக்கு வருவாள். கம்பெனியிலிருந்து பிசிர் வெட்டுவதற்காக வீட்டுக்கு வாங்கி வந்த பீஸ்கள். சுவரோரம் உட்கார்ந்து தையலில் தொங்கும் நூலைச் சின்னக் கத்தரியால் நறுக்கிக்கொண்டே ஏழரை மணி நாடகத்தைப் பார்ப்பாள். சௌந்தரவல்லி என்று ஒரு மருமகளின் கதை அது. ஐந்து வருசமாக அழுதுகொண்டிருந்தாள். அவள் அழாத நாளில் லைன் வீட்டுப் பெண்களுக்குச் சோறு இறங்காது.

அது கரண்ட் கண்ட நேரத்தில் போய்க்கொண்டிருந்த வருசம். ஒரு நாள் நாடகம் தொடங்குகிற நேரத்தில் கரண்ட் போனது. திரும்பி வந்தபோது பாதி முடிந்திருந்தது. பார்த்தால், சௌந்தரவல்லி வீட்டுக்குள் வேறு ஒருத்தி! சௌந்தரவல்லியின் புருசன் அவளிடம் காப்பி கேட்கிறான். மாமியார் அவளைத் திட்டுகிறாள்.

"அடப் பாவி, ரெண்டாந்தாரம் கட்டிட்டானே!" என்று நெஞ்சில் கை வைத்தாள் மருதம்மாள். "நம்ம சௌந்தரவல்லி எங்கீடி போனா?"

மூன்று நாள் அந்தப் புதியவளை லைன் வீடே வைதது. சக்களத்தி என்றார்கள். முழியைப் பார், மூக்கைப் பார் என்றார்கள். அவள் தண்ணீர் குடித்தால்கூடத் தெய்வாத்தாளுக்கு ஆகவில்லை. மூன்றாவது நாள்தான், சுவரோரம் நூல் வெட்டிக்கொண்டிருந்தவள் தலையைத் தூக்கினாள்.

"அக்கா, இவ சக்களத்தி இல்லக்கா. இவதேன் சௌந்தரவல்லி."

"உனக்கென்ன கண்ணு, நூல் பாத்துப் பாத்துக் கண்ணு மங்கிப்போச்சா?"

"உப்பைத் தேடலயேக்கா. வீட்டுக்குப் புதுசா வந்தவ உப்பு டப்பாவைத் தேடுவால்ல? மொளகாப்பொடியத் தெறப்பா, சீனியத் தெறப்பா, யாரைக் கேக்கன்னு முழிப்பா. இவ பாருங்க, திரும்பிக்கூடப் பாக்காம கைய நீட்டி எடுத்துட்டா. வேசத்துக்கு ஆளைத்தேன் மாத்தியிருக்காக."

மறுநாள் வயர் சரிசெய்ய வந்த கேபிள்காரர் ரத்தினசாமி சிரியோ சிரியென்று சிரித்தார். "ஏனுங்கம்மா, அன்னிக்கே போட்டாங்களே, இவருக்குப் பதில் இவர்னு! அப்ப உங்களுக்குக் கரண்ட் இல்லீங்களா?"

ஆக, மூன்று நாள் திட்டு வீண். ஆனால் அதோடு முடியவில்லை. பழையவளா புதியவளா என்று லைன் வீடு இரண்டானது. இரண்டென்றால் சரிபாதி அல்ல, எல்லாரும் ஒரு பக்கம், சுவரோரத்துக்காரி மட்டும் மறுபக்கம்.

"அவ அழுதா நமக்குத் தன்னால வரும். இவ அழுதா மூஞ்சி கழுவுனாப்ல இருக்குது" என்பாள் தெய்வாத்தாள்.

"அஞ்சு வருசம் என்ற ஊட்டுக்கு வந்து போனவ. அவளைச் சொல்லாமக் கொள்ளாம அனுப்பிச்சுப் போட்டானுக" என்பாள் மருதம்மாள். சும்மா சொல்லக் கூடாது, அவளும் பழையவள் கட்சிதான்.

"அவளை மாதிரியே பொட்டு வைக்கிறா, அவளை மாதிரியே முந்தானைய இழுத்து மூடுறா. இன்னும் என்னதேன் செய்வா? கொஞ்ச நாள் குடுங்கக்கா" என்று இவள் ஒருத்தி மட்டும் பேசுவாள். யாருக்கும் மடங்காத பெண்ணும் இல்லை. வேறெந்தப் பேச்சிலும் வாய் திறக்காதவள், இதில் மட்டும் ஏன் இத்தனை பிடிவாதம் என்று மருதம்மாளுக்கு உள்ளுக்குள் குறுகுறுத்துக்கொண்டே இருந்தது.

ஒரு நாள் நாடகத்தில் சாப்பாட்டுக் காட்சி. பழைய சௌந்தரவல்லி எல்லாருக்கும் பரிமாறிவிட்டு, கடைசியில் காலிப் பாத்திரத்தைப் பார்த்துக் கண் கலங்குவாள். புதியவள் என்ன செய்தாள் தெரியுமா? புருசனுக்குப் போட்டாள், மாமியாருக்குப் போட்டாள், தனக்கும் ஒரு தட்டைப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். அப்பளத்தை நொறுக்கினாள்.

"சௌந்தரவல்லி இப்படித் திம்பாளா?" என்று கத்தினாள் தெய்வாத்தாள்.

சுவரோரத்தில் வாய்விட்ட சிரிப்பு கேட்டது. அத்தனை நாளில் அவள் அப்படிச் சிரித்து யாரும் கேட்டதில்லை. கத்தரியைக் கீழே வைத்துவிட்டாள்.

"அக்கா, அந்தப் பொண்ணோட சொந்தப் பேரு என்னக்கா?"

ஒருவருக்கும் தெரியவில்லை. திட்டுவதற்குப் பேர் தேவைப்படவில்லையே! அந்தப் பேரைப் போட்ட அன்றுதான் கரண்ட் போய்விட்டது. மறுநாள் எழுத்தோடும்போது படிக்கலாம் என்று முடிவாயிற்று. எட்டாவது வரை படித்த தெய்வாத்தாளை டிவிக்கு முன்னால் உட்கார்த்தினார்கள். முதல் நாள் எழுத்து ஓடிய வேகத்தில் அவளுக்குப் பாதிதான் பிடிபட்டது. இரண்டாம் நாள் பளிச்சென்று படித்தாள். படித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள்.

"பழையவ பேருதானுங்க இன்னும் ஓடுது. அதை மாத்தவே இல்லீங்க."

எல்லாரும் சிரித்தார்கள். கேட்டவள் மட்டும் சிரிக்கவில்லை. அன்றைக்கு நாடகம் முடிந்து மற்றவர்கள் கலைந்த பிறகும் அவள் மூட்டையைக் கட்டாமல் உட்கார்ந்திருந்தாள்.

"என்ன கண்ணு?" என்றாள் மருதம்மாள்.

"எங்க வீட்லயும் அப்படித்தேன்க்கா. ஆளை மாத்துனாக, பேரை மாத்தல."

கருத்தம்மா அவளுடைய அக்கா. கைக்குழந்தையை விட்டுவிட்டுக் காய்ச்சலில் செத்துப்போனாள். குழந்தையை வேற்று ஆளிடம் கொடுக்கக் கூடாது என்று, பெரியவர்கள் கூடித் தங்கச்சியையே அத்தானுக்குக் கட்டிவைத்தார்கள். அவள் அக்கா சேலையைக் கட்டினாள். அக்கா வைத்த இடத்தில் உப்பைத் தேடினாள். பொன்னுச்சாமி கெட்டவர் இல்லை, ஒரு நாளும் கை நீட்டியதில்லை. முதலில் வாய் தவறித்தான் கருத்தம்மா என்றார். பெண்டாட்டியைப் பறிகொடுத்த மனுசன், போகட்டும் என்று இவளும் அந்தப் பேருக்கே 'ஏன்' என்று குரல் கொடுத்தாள். பிறகு அதுவே நிலைத்துவிட்டது. அவள் குழம்பு வைத்தால், "உங்க அக்கா கைப்பக்குவம் வரல." கம்பெனிக்குப் போய் வேலை பார்க்கிறேன் என்றால், "உங்க அக்கா ஒரு நாளும் படி தாண்டுனதில்ல."

"உம் பேரு என்ன சாமி அப்ப?" மருதம்மாளுக்குக் குரல் இறங்கிவிட்டது. இத்தனை வருசம் கண்ணு கண்ணு என்று கூப்பிட்டும் பேரை அவளிடம் கேட்கவில்லையே என்றிருந்தது.

"ராக்கம்மாக்கா." சொல்லிவிட்டுத் தானே ஒரு முறை கேட்டுப் பார்ப்பதுபோல மறுபடியும் சொன்னாள். "ராக்கம்மா."

அதற்குப் பிறகு அவள் சும்மா இருக்கவில்லை. பீஸ் திருப்பிக் கொடுக்கப் போன கம்பெனியில் செக்கிங் வேலை கேட்டாள், வரச் சொன்னார்கள். வீட்டில் சொன்னாள். புருசன் வழக்கம்போல அக்காவை இழுத்தார். "அக்கா போகல, நான் போறேன். இன்னமே எம் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாத்தேன் ஏன்னு கேப்பேன்" என்றாள். அவர் சிரித்தார். "நாக்குப் பழகிப்போச்சு, விடு" என்றார்.

இன்று காலை மருதம்மாள் மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். ராக்கம்மாள் தூக்குப்போசியோடு வெளியே வந்து செருப்பை மாட்டினாள்.

"கருத்தம்மா, எஞ் சட்டை எங்க?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

அவள் வாசலைத் தாண்டினாள்.

"ஏ கருத்தம்மா! காது கேக்கலயா?"

அவள் நடையில் மாற்றமில்லை. மருதம்மாள் மாடியிலிருந்தே பார்த்தாள். திரும்பிவிடுவாளோ என்று கொடிக்கயிற்றைப் பிடித்தபடி நின்றாள். பொன்னுச்சாமி பனியனோடு வாசலுக்கு வந்துவிட்டார். தெருவைப் பார்த்தார்.

"ராக்கம்மா!"

பழகாத குரல், கொஞ்சம் உடைந்து வந்தது. அதனாலோ என்னவோ இன்னொரு தடவையும் கூப்பிட்டார், இந்த முறை தெருவுக்கே கேட்கும்படி.

"ராக்கம்மா!"

அவள் நின்றாள். முழுசாகத் திரும்பினாள்.

"என்னங்க? சட்டை கொடியில காயுது. கரண்டு வந்ததும் தேச்சுப் போட்டுக்கிருங்க. எனக்கு நேரமாச்சு."

சொல்லிவிட்டு, முன்னைவிட வேகமாக நடந்து கம்பெனி ரோட்டில் திரும்பினாள்.